சாளரமும் சால்பும்

வாழ்க்கையின் பெரிய வினாக்கள் எப்போதும் பெரிய உருவத்தோடு வருவதில்லை. அரியணையைத் துறப்பதா, நாட்டைத் துறப்பதா என்னும் வினாக்கள் காப்பியத் தலைவர்களுக்கு உரியவை. மாத ஊதியத்தில் இல்லறம் நடத்தும் நம்போன்றோர்க்கு அறம் பெரும்பாலும் சிறிய வினாவாகவே வந்து வாயிலில் நிற்கிறது. அவ்வாறு வந்த வினாக்களுள் ஒன்றை ஈண்டு ஆராய விழைகிறோம். வீட்டுச் சாளரங்களின் கண்ணாடிக்குக் கருநிறத் தாள் ஒட்டலாமா, வேண்டாமா என்பதே அவ்வினா.

கடைத்தெருவில் இத்தாளைக் 'கூலிங் பேப்பர்' என்றும் 'சன் பிலிம்' என்றும் வழங்குகின்றனர். தலைநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி இதனைக் காணலாம். கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் உள்ளிருப்போர் வெளியே உள்ளவற்றைக் காணலாம். வெளியே நிற்போர் உள்ளே காண இயலாது. வெயிலும் தணியும் என்று விற்போர் உறுதி கூறுவர். கேட்ட அளவில் இது ஒரு சதுர அடிக் கணக்கு. செலவு எவ்வளவு, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு முடிந்துவிடும். சற்று நின்று எண்ணினால் இதனுள் வேறொரு கணக்கு இருப்பது புலனாகும். பிறரைக் காணும் உரிமையை வைத்துக்கொண்டு, பிறரால் காணப்படும் நிலையை மட்டும் விலக்கிக்கொள்வது முறையாகுமா? இதுவே நாம் விடை காண வேண்டிய வினா.

சொல் காட்டும் வழி

ஒரு பொருள் எதற்காக ஏற்பட்டது என்பதை அதன் பெயரே பல நேரங்களில் உரைத்துவிடும். சாளரத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. 'காலதர்' என்பது பழஞ்சொல். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பது பொருள். 'பலகணி' என்பது மற்றொரு சொல். பல கண்களை உடையது என்று அது விரியும். இன்று நாம் மிகுதியாக வழங்கும் 'சன்னல்' போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற 'சனேலா' என்னும் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்து 'விண்டோ' என்னும் சொல்லோ பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' என்னும் பொருளுடைய தொடரிலிருந்து பிறந்தது. நம் முன்னோர் இரு சொற்களில் தனித்தனியே வைத்த காற்றையும் கண்ணையும் வடபுலத்தார் ஒரே சொல்லில் சேர்த்துவைத்தனர்.

காற்று ஒருவழிப் பாதையில் செல்வதன்று. ஒரு பக்கம் புகுந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். இல்லையேல் புகவே புகாது. கண்ணின் இயல்பும் அத்தகையதே. நாம் ஒருவர் கண்ணைக் காணும்போது அவர் நம் கண்ணைக் காண்கிறார். 'கண்ணோட்டம்' என்னும் சொல் இதற்குச் சான்று. கண் பிறர்பால் ஓடுவதையே தமிழர் இரக்கத்துக்குப் பெயராக வைத்தனர். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பார்வையிலிருந்து பரிவு பிறக்கும் என்னும் உண்மை இச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

தொலைவு போயிற்று, தாள் வந்தது

இவ்வாறு கூறுவதால், நம் முன்னோர் வீட்டை ஊரார் பார்வைக்குத் திறந்து போட்டிருந்தனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அகம், புறம் என்று வாழ்வையே இரண்டாகப் பகுத்தவர்கள் அவர்கள். அகம் என்னும் ஒரே சொல் உள்ளத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். மறைக்க வேண்டியதை மறைக்க அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மறைத்த முறைதான் வேறு.

ஊர்ப்புறத்துப் பழைய வீடொன்றை நினைத்துப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அதில் வழிப்போக்கரும் அமரலாம். அடுத்து நடை, அல்லது ரேழி. அங்கே அறிந்தவர் வருவர். அதன்பின் முற்றமும் கூடமும்; அங்கே உறவினர் வருவர். அதற்கும் அப்பால் அடுக்களையும் அறைகளும். அவை வீட்டாருக்கே உரியவை. தெருவிலிருந்து அடுக்களைவரை படிப்படியாக மறைவு கூடிக்கொண்டே போகும். தெருவில் நிற்பவர்க்கு எட்டாத தொலைவில் உள்வீடு இருந்தது. அத்தொலைவே திரையாயிற்று.

நகரத்துக்கு வந்தபின் அந்தத் தொலைவை நாம் இழந்தோம். இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் கட்டிலுக்கும் சந்துக்கும் இடையே ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றே உள்ளது. எதிர்மாடியின் முகப்பு கைநீட்டினால் தொடும் அண்மையில் நிற்கிறது. நம் மாடத்தில் துணி உலர்த்தினால் எதிர்வீட்டார்க்கு அது தெரியும். அவர்கள் வீட்டில் குழந்தை அழுதால் நமக்குக் கேட்கும். தொலைவை விலைக்கு வாங்கப் பொருள் இல்லாதவர்கள் தாளை வாங்கி அதன் வேலையைச் செய்விக்கப் பார்க்கிறோம். ஆதலின், கருநிறத் தாள் ஒட்டுவோரை ஆணவம் பிடித்தவர் என்றோ அண்டை அயலை வெறுப்பவர் என்றோ இழித்துரைப்பது முறையன்று. இடநெருக்கம் தந்த தேவை அது. தேவை உண்மையானது, அதற்குத் தேடிய வழி சரியா என்பதே ஆய்வுக்குரியது.

அரசரின் சாளரம், அரசியரின் சாளரம்

நாம் வாழும் வடபுலம் சாளரத்துக்கு வரலாறு மிக்க நிலம். தில்லியில் 'கிர்க்கி' என்றே ஒரு சிற்றூர் உண்டு. பிரோசு சா துக்ளக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், அங்கே எழுந்த மசூதியின் கல் பின்னல் சாளரங்களால் ஊருக்கே அப்பெயர் அமைந்தது. கிர்க்கி என்றால் சன்னல்.

மொகலாய மன்னர்கள் நாள்தோறும் காலையில் அரண்மனையின் சாளர மாடத்தில் வந்து நின்று மக்களுக்குக் காட்சி தரும் வழக்கம் இருந்தது. அதனை 'சரோக்கா தரிசனம்' என்றனர். மன்னன் மக்களைக் காண்பதற்கு ஒற்றர் போதும். மக்கள் மன்னனைக் காண்பதற்குச் சாளரம் வேண்டும். அவன் உயிரோடும் நலத்தோடும் உள்ளான் என்பதை நாடு அறிந்துகொள்ளும் வழி அது. அவுரங்கசீப் தம் ஆட்சியில் அவ்வழக்கத்தை நிறுத்தினார். 1911 திசம்பரில் ஐந்தாம் சார்ச்சு மன்னரும் மேரி அரசியாரும் தில்லிக்கு வந்தபோது, செங்கோட்டையின் மாடத்தில் மக்கள் காண அமர்ந்து அப்பழைய முறையைத் தாமும் கைக்கொண்டனர். ஆள்பவன் காணப்பட வேண்டும் என்னும் கருத்து அயலவர்க்கும் பயன்பட்டது.

இதற்கு மறுதலையான சாளரங்களைச் செய்ப்பூரில் காணலாம். 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டிய அவா மகாலில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. அரச மகளிர் தெருவில் செல்லும் ஊர்வலங்களைத் தாம் காணவும், தம்மைத் தெருவார் காணாதிருக்கவும் அவை அமைந்தன. கலையழகில் அவற்றுக்கு ஈடில்லை. ஆயினும் அவற்றின் முன் நிற்கும்போது ஒரு வினா நெஞ்சில் எழாமல் இராது. அம்மகளிர் அவ்வாறு மறைந்திருக்க விரும்பினரா, அன்றி மறைந்திருக்குமாறு வைக்கப்பட்டனரா? மறைவு ஒன்றே, அதனைத் தானே விரும்பிக் கொண்டால் அது உரிமை, பிறர் விதித்தால் அது சிறை. இவ்வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். நம் சிறு வீட்டுக்கும் அது பொருந்தும்.

ஒரு வீடு, மூன்று குரல்

எடுத்துக்காட்டுக்கு நம் இல்லத்தையே கொள்ளலாம். கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் அடுக்ககம் ஒன்றில் முதல் மாடி. முன்னறையின் சாளரம் தெற்கே சந்தை நோக்கியது. மகளின் அறைச் சாளரம் கிழக்கே எதிர்மாடியை நோக்கியது. அடுக்களைக்கு மேற்கே ஒரு சாளரம். தாள் ஒட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது மூவரும் மூன்று விதமாகக் கூறினர்.

துணைவியார்க்கு வெயிலே பெரிது. வைகாசி, ஆனி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அடுக்களையில் நிற்பது அடுப்புக்குள் நிற்பது போலாகும் என்றார். அது மிகையன்று. தில்லியின் கோடையில் 45 பாகை வெப்பத்தைத் தாண்டும் நாள்கள் உண்டு.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு எதிர்மாடியின் பார்வையே பெரிது. அங்கே மாடத்தில் எவரேனும் நின்றுகொண்டே இருக்கின்றனர். தீய எண்ணம் இருக்கலாம், இல்லாதும் இருக்கலாம். "பார்க்கப்பட வேண்டாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் காட்ட வேண்டுமா, அப்பா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை என்பதே நேர்மையான விடை.

அம்மாவின் குரல் மூன்றாவது. எழுபத்தெட்டு வயது. இந்தி பத்துச் சொல்லுக்கு மேல் வராது. மூட்டுவலியால் படியிறங்குவது அரிது. கோடையின் அனல்காற்றுக்கும் தூசுக்கும், குளிர்காலப் புகைக்கும் அஞ்சி முன்னறைச் சாளரம் ஆண்டில் பாதி நாள் மூடியே கிடக்கும். கண்ணாடிக்குப் பின்னே அவர் நாற்காலி. காய்கறி வண்டிக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அம்மாஜி" என்று அழைத்து முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டுவார். அம்மா தலையசைத்தால் கண்ணாடியைத் தள்ளிக் கயிற்றில் கட்டிய கூடை இறங்கும். பள்ளி சென்று திரும்பும் பிள்ளைகள் கையசைப்பர். அவருடைய ஒரு நாளின் உரையாடல் முழுவதும் அவ்வளவே. தாளைப் பற்றி விளக்கியபோது, "உள்ளே இருந்து எல்லாம் தெரியும், அம்மா" என்றோம். "எனக்குத் தெரிந்தால் போதுமா? அவர்களுக்கு நான் தெரிய வேண்டாமா?" என்றார்.

தத்துவ நூல்களில் பல பக்கங்கள் பேசும் செய்தியை அம்மா ஒரு வரியில் கூறிவிட்டார். மனிதர்க்குக் காட்சி மட்டும் போதாது. தாமும் ஒருவர் கண்ணுக்குக் காட்சியாக வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி உலகத்தையே காட்டுகிறது. ஆனால் அதன் முன் அமர்ந்திருக்கும் முதியவரை அது ஒருநாளும் நலம் வினவியதில்லை. கண்ணாடிக்குக் கருந்தாள் ஒட்டினால் சந்தும் ஒரு தொலைக்காட்சியாகிவிடும்.

வெயிலின் வழக்கு

மூன்றனுள் எளியது வெயில். அறிவியல் அதற்கு விடை தருகிறது. ஞாயிற்றின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. மற்றப் பாதியில் மிகப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். எனவே அறை இருண்டுவிட்டது என்பதற்காக வெப்பமும் அந்த அளவு குறைந்துவிட்டது என்று கொள்ளலாகாது. மலிவான சாயத் தாள் ஒளியைத் தானே விழுங்கிச் சூடேறுகிறது. அச்சூட்டில் ஒரு பகுதி அறைக்குள்ளேதான் வருகிறது. சில ஆண்டுகளில் சாயம் ஊதா நிறமாகித் தாள் கொப்புளித்தும் போகும். உயர்ந்த வகைத் தாள்கள் வெப்பத்தை நன்கு தடுக்கின்றன; அவற்றின் விலையும் உயர்ந்ததே. ஆயினும் வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே தடுப்பதைவிட வெளியே தடுப்பதே சிறந்த முறை. 'சிக்' என்று இங்கே வழங்கும் மூங்கில் தட்டியை வெளிப்புறம் தொங்கவிடுவோர் இதனைப் பட்டறிவால் கண்டவர்கள். வெட்டிவேர்த் தட்டியை நீரால் நனைத்த பழைய தில்லிவாசிகளும் அவ்வாறே.

திசையையும் எண்ண வேண்டும். தில்லியில் சூன் 21ஆம் நாள் நண்பகல் ஞாயிறு அடிவானிலிருந்து ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், தலைக்கு மேலேயே நிற்கிறது. தெற்குச் சாளரத்தின் மேலுள்ள சிறு தாழ்வாரமே அவ்வெயிலைத் தடுத்துவிடும். திசம்பர் 21ஆம் நாளில் அதே நண்பகல் ஞாயிறு 38 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கிறது. அறைக்குள் நெடுந்தூரம் கதிர் நீட்டுகிறது. சனவரிக் குளிரில் முதியோர் கால் நீட்டி அமர்வது அவ்வெயிலில்தான். தெற்குச் சாளரத்தில் நிலையாக ஒட்டிய தாள், கோடையில் பெரிதும் தேவைப்படாத நிழலைத் தந்து, குளிர்காலத்தில் தேவையான வெயிலைப் பறித்துக்கொள்ளும். உண்மையில் துன்பம் தருவது தாழ்ந்து வரும் மேற்கு வெயிலே. ஆகவே வெயிலைக் காரணம் காட்டி வீட்டின் எல்லாச் சாளரங்களையும் கறுப்பாக்குவது நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் ஆவதாகும்.

சட்டம் கூறுவன

அடுத்தது சட்டம். ஊர்திகளைப் பொறுத்தவரை விதி தெளிவானது. 1989ஆம் ஆண்டின் மைய மோட்டார் ஊர்தி விதிகள், முன்பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்று வகுத்தன. 2012 ஏப்பிரல் 27இல் உச்ச நீதிமன்றம் ஊர்திக் கண்ணாடிகளில் கருந்தாள் ஒட்டுவதையே தடை செய்தது. ஊருக்குப் பொதுவான சாலையில் செல்வோர், தம்மை முற்றும் மறைத்துக்கொண்டு செல்லலாகாது என்பது அதன் உட்பொருள்.

வீடு சாலையன்று. 2017 ஆகத்து 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் ஆயம், தனிமறைவு அடிப்படை உரிமை என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. பெண் தனிமையில் இருக்கும் நிலையை மறைந்து காண்பதும் படமெடுப்பதும் 2013இல் குற்றவியல் சட்டத் திருத்தத்தால் தனிக் குற்றமாயின. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவும் அதனைக் குற்றமாகவே வைத்துள்ளது. ஆதலின் நம் மகளின் வேண்டுகோள் வெறும் கூச்சமன்று; நாட்டின் சட்டமே அவள் பக்கம் நிற்கிறது.

இவற்றினும் பழைய சட்டம் ஒன்று நம் சிந்தனைக்குரியது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஊர் வழக்கத்தால் வரும் உரிமைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. ஓர் ஊரில், அயல்வீட்டின் மறைவைக் கெடுக்கும்படி புதிய சாளரம் திறக்கலாகாது என்னும் வழக்கம் உள்ளது. ஒருவர் தம் அயலார்க்கு அருகே வீடு கட்டுகிறார். அவ்வூர் வழக்கப்படி அயலார் இவர் வீட்டை நோக்கிச் சாளரம் திறக்கலாகாது. இவரும் அயலார் வீட்டை நோக்கித் திறக்கலாகாது. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் இவ்வகை வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் விதிநூல்களைப் புரட்டுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த எடுத்துக்காட்டு மிக்க மகிழ்ச்சி தந்தது. ஏனெனில் அதில் நடுவுநிலைமை உள்ளது. எனக்கு எவ்வளவு மறைவோ உனக்கும் அவ்வளவு மறைவு. உன் கண்ணுக்கு எல்லையிட்டால் என் கண்ணுக்கும் எல்லையிட வேண்டும்.

தன்னை மறைத்துப் பிறரைக் காண்டல்

கருந்தாளின் குறை இவ்விடத்தில் புலனாகிறது. அது தருவது மறைவு மட்டுமன்று. மறைந்திருந்து காணும் வசதியும் சேர்ந்தே வருகிறது. முன்னது உரிமை. பின்னது சலுகை. உரிமைக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. சலுகைக்குக் கூறித்தான் ஆக வேண்டும்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கிளாக்கன் என்பான் ஒரு மோதிரக் கதை கூறுகிறான். ஆயன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதனைத் திருகினால் அவன் பிறர் கண்ணுக்கு மறைந்துவிடுவான். மறைந்தவன் அரசனைக் கொன்று நாட்டையே கைப்பற்றுகிறான். எவரும் காணாத நிலையில் நல்லவனும் நல்லவனாக இருப்பானா என்பதே கிளாக்கன் எழுப்பும் வினா. நாம் அரசைக் கைப்பற்றப் போவதில்லை. ஆயினும் தாளுக்குப் பின்னே நிற்பவர், எதிர்வீட்டார் உண்பதையும் உறங்குவதையும் வழக்கிடுவதையும் வேண்டிய மட்டும் காணலாம். திறந்த சாளரத்தில் நின்று காண்பவரை எதிர்வீட்டார் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். அவர் கண் தானே தாழ்ந்துவிடும். அந்த நாணமே அறத்தின் காவலன். தாள் அக்காவலனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறது. எதிர்மாடியில் நிற்பவர் இத்தாளை ஒட்டிக்கொண்டால் நம் மகளின் நிலை என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். நமக்கு நாம் வேண்டும் ஒன்றை எதிர்வீட்டார்க்கும் மனமொப்பிக் கொடுக்க முடிகிறதா என்பதே சால்பை அளக்கும் கோல்.

"திரைச்சீலையும் மறைக்கத்தானே செய்கிறது?" என்று அன்பர்கள் வினவலாம். செய்கிறது. ஆனால் திரை இருபுறமும் மறைக்கும். இழுத்துவிட்டால் நாமும் காண்பதில்லை. மேலும் அதனை மூடும் கையே திறக்கவும் வல்லது. விருந்தினர் வந்தால் விலக்கலாம், உறங்கும்போது இழுக்கலாம். ஒவ்வொரு முறையும் நாமே முடிவு செய்கிறோம். ஒட்டிய தாளோ ஒருநாள் செய்த முடிவை எல்லா நாளைக்கும் ஆக்கிவிடுகிறது. மங்கல் கண்ணாடியும் அவ்வாறு நிலையானதே. எனினும் அது ஒளியை மட்டும் விட்டு இருவர் கண்ணையும் ஒருங்கே தடுப்பதால் நடுவுநிலை பிறழ்வதில்லை.

இன்னுமொரு வியப்பைக் கூற வேண்டும். இத்தாள் தரும் மறைவு பகலில் மட்டுமே. எப்பக்கம் ஒளி மிகுதியோ அப்பக்கத்தை இருண்ட பக்கத்தினர் காண்பர் என்பது இயற்கை விதி. இரவில் உள்ளே விளக்கேற்றியதும் நிலை தலைகீழாகிறது. தெருவில் இருளில் நிற்பவர்க்கு நம் அறை, சற்று மங்கலாகவேனும், தெரிகிறது. உள்ளே இருக்கும் நமக்கோ தெரு தெரிவதில்லை. கண்ணாடியில் நம் முகமே தெரிகிறது. மறைவு மிகத் தேவையான வேளையில் தாள் கைவிட்டுவிடுகிறது. அப்போதும் திரைச்சீலையைத்தான் நாட வேண்டியுள்ளது. பிறர் முகம் காண மறுத்தவன் முடிவில் தன் முகத்தையே கண்டுகொண்டிருப்பான் என்று இதனை ஒரு நீதிக்கதையாகவும் கொள்ளலாம்.

முடிவு எவருடையது?

நம் வீட்டு முடிவைக் கூறுமுன், முடிவு செய்ய வேண்டியவர் எவர் என்பதையும் கூற வேண்டும். காலை எட்டு மணிக்குப் பேருந்துக்கோ மெட்ரோவுக்கோ புறப்பட்டு, ஏழு மணிக்கு வீடு திரும்பும் குடும்பத் தலைவர் பகலில் அச்சாளரங்களைக் காண்பதே அரிது. பணம் கொடுப்பவர் அவர் என்பதால் முடிவும் அவருடையது என்பது அலுவலக முறையாகலாம், இல்லற முறையாகாது. எந்த அறையில் எவர் பகலைக் கழிக்கிறாரோ அவர் சொல்லே அவ்வறைக்குத் தலையானது. கணவரோ தந்தையோ தம் மானத்தைக் கருதி மகளிர் அறைக்குத் தாள் ஒட்டுவாராயின், அது செய்ப்பூரின் சாளரமே. அழகுகூட இல்லாத சாளரம்.

அம்முறையில் அடுக்களையின் மேற்குச் சாளரத்துக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி வந்தது. மகளின் அறையில் அவள் விருப்பப்படி சாளரத்தின் கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடியும், முழுமைக்கும் அவள் தேர்ந்த திரைச்சீலையும் அமைந்தன. முன்னறைச் சாளரம் தெளிந்த கண்ணாடியாகவே உள்ளது. வேறு திசையில், வேறு தெருவில் வாழ்வோர்க்கு வேறு முடிவு பொருந்தலாம். தரைத்தளத்தில் கடைத்தெருவை ஒட்டி வாழ்வோரும், நிழலே இல்லாத மேற்குச் சுவரைப் பெற்றோரும் நல்ல தாளைத் தேர்ந்து ஒட்டுவதில் குற்றமில்லை. வினாவைக் கேட்டபின் ஒட்டினார்களா என்பதே வேறுபாடு.

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வினா மற்றவர்களைவிடச் சற்று மிகுதியாகவே உரியது. மொழி வேறு, உணவு வேறு, பண்டிகை வேறு என்னும் நிலையில், உள்ளே ஒரு சிறு தமிழகத்தை அமைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னே இருந்துவிடுவது எளிது. நாம் இவ்வூரைக் காண்போம். இவ்வூர் நம்மைக் காண வேண்டாம் என்று ஒரு தலைமுறை வாழ்ந்துவிடலாம். ஆனால் ஓர் ஆபத்து என்றால், அடுப்பில் தீப்பற்றினால், முதியவர் தனியே விழுந்துவிட்டால், ஓடி வருபவர் சந்தில் நிற்பவரே. நாள்தோறும் ஒரு நாற்காலியில் கண்ட முகம் இன்று காணவில்லையே என்று அவர் நினைக்க வேண்டுமாயின், நாள்தோறும் அம்முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அயலூரில் நமக்கு வாய்த்த சுற்றம் அவ்வாறு கண்ணால் வந்த சுற்றமே.

மறைப்பதற்கு உரியவற்றை மறைப்போம். அதனை நம் கையாலேயே, திறக்கவும் கூடிய திரையால் மறைப்போம். மறைந்துகொண்டு பிறரைக் காணும் வசதியைப் பெறுமுன், அவ்வசதியைப் பிறர்க்கும் தர ஒப்புவோமா என்று நெஞ்சைக் கேட்போம். வீட்டில் ஒரு சாளரமேனும் இருபுறமும் தெளிவாக இருக்கட்டும். அதன் அருகே வீட்டின் மூத்தவர்க்கு ஒரு நாற்காலி கிடக்கட்டும்.